மூன்றே முக்கால் மணிக்குத் தீதா சாப்பிடுவார்

மெட்டில்டா குஞ்ஞம்மா. மெட்டில்டா குஞ்ஞம்மா.

போனில் நான் எப்போதும் இரண்டு தடவை விளிப்பேன். முதல் தடவை விளிப்பது அங்கே போய்ச் சேர நேரமாகும். இரண்டாவது தடவைக்குத்தான் "என்ன மக்கா" என்று சத்தம் வரும். அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

என்னோடு ஒரே வரிசையில் நின்று, முதன்முதலாக நற்கருணை வாங்கிப் புது நன்மை எடுத்தவர்களே, இதை உங்களுக்காக எழுதுகிறேன். அன்றைக்கு நாம் பதினொரு பேர். இப்போது பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், இரண்டு பேருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், பாறசாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். எழுத்து ஒழுங்காக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். வேதபாட வகுப்பில் ஒருநாள் நான் யாருக்கும் புரியாத பாஷையில் பரலோக மந்திரம் சொன்னேன், நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னை "ஜெர்மனி" என்றுதான் விளித்தீர்கள். அந்த மந்திரம் எனக்கு எப்படி வந்தது என்ற முழுக்கதையை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. இப்போது குஞ்ஞம்மா இல்லை. இனி சொல்லலாம்.

நாம் புது நன்மை எடுத்த மழைக்காலத்துக்கு இரண்டு வருடம் முன்னால் பொழியூர்க் கரையில் இருந்த எங்கள் வீட்டைக் கடல் எடுத்துவிட்டது. அடுக்களைச் சுவர் மட்டும் கொஞ்ச நாள் நின்றது. நாங்கள் கரையை விட்டு உள்ளே வந்து, பாறசாலை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஓட்டு வீடு. மழை விட்டாலும் இலையில் இருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். கடல் சத்தம் இல்லாமல் எனக்கு உறக்கம் வராது. அப்பா வள்ளத்துக்குப் போக விடியும் முன்னே பொழியூருக்குக் கிளம்பிவிடுவார், கடல் கலங்கிக் கிடந்தாலும் கரையில் போய் இருந்துவிட்டு இருட்டும் நேரம்தான் வருவார். அம்மா அமரவிளையில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஐந்தரைக்கு வருவாள். பள்ளிக்கூடம் விட்டு மூன்றரைக்கு வந்தால் வீட்டில் நான் மட்டும். பக்கத்தில் பிள்ளைகள் கிடையாது. திறவுகோல் ஜன்னல் கம்பியில் ஒரு சரட்டில் தொங்கும்.

குஞ்ஞம்மா என்றால் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கரையில் இருந்தபோது எனக்கும் அவளுக்கும் ஒரே பாய், ஒரே போர்வை. வீடு போன பிறகு அவளை மடத்துச் சிஸ்டர்மார் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் சபை நடத்துகிற ஒரு வயோதிகர் இல்லத்தில் உதவி வேலை. ஒன்றரை வருடத்துக்குள் ஜெர்மன் பாஷை பரீட்சை பாஸாக வேண்டும், பாஸானால் அங்கேயே நர்ஸ் படிப்பு. போகும்போது அவளுடைய பழைய போனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் கண்ணாடியில் ஒரு மூலையில் இருந்து குறுக்கே கீறல். வீடியோவில் குஞ்ஞம்மாவின் முகம் எப்போதும் அந்தக் கீறலுக்கு இரண்டு பக்கமாகத்தான் தெரியும்.

மூன்றே முக்காலுக்கு விளிப்பாள். நமக்கு மூன்றே முக்கால் ஆகும்போது அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் போன், ஒரு கையில் தட்டு. ஐந்து நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவாள். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் மழையில் ஓடி வருவேன்.

ஒருநாள் அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் கட்டிலில் சாய்ந்து இருந்தார். பெரிய காது, பெரிய கை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை என்று குஞ்ஞம்மா சொன்னாள். அப்போது என் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். போனை உற்றுப் பார்த்தார். என்னவோ சொன்னார்.

"மக்கா, நீ ஒண்ணு சொல்லு. யெதி தீதா. அப்பிடிச் சொல்லு."

"அப்பிடின்னா?"

"தின்னு தாத்தான்னு அர்த்தம் ஆக்கும். சொல்லு மக்கா, வேகம்."

நான் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார். குஞ்ஞம்மா கரண்டியை உள்ளே வைத்தாள். அவர் மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். நான் மறுபடி சொன்னேன். மறுபடி திறந்தார். தட்டு காலியாகிறவரை சொன்னேன். குஞ்ஞம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அன்றைக்கு இருந்து அது என் வேலை ஆகிவிட்டது. தினமும் மூன்றே முக்காலுக்கு நான் தீதாவுக்குச் சோறு ஊட்டுவேன், பாறசாலையில் இருந்து. சோறு இல்லை, உருளைக்கிழங்குக் கூழ், அல்லது பாலில் நனைத்த ரொட்டி. ஒருநாள் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். நான் "யெதி, யெதி" என்று கத்துவதை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "யாரப் போட்டு, பொட்டப் பிள்ளைய விளிக்க மாதிரி, எட்டி எட்டின்னு வெரட்டுத?" என்று கேட்டாள். ஒரு வயசாளிக்குச் சோறு கொடுக்கிறேன் என்றேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். தீதா யார் என்று நானும் விளக்கிச் சொல்லவில்லை. அது எனக்கும் குஞ்ஞம்மாவுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கென்று அப்போது வேறு ஒன்றும் இல்லை.

தீதா ஜெர்மன்காரர் இல்லை, குரோசியாக்காரர். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஊர் ஃபேக்டரிகளுக்கு வேலைக்கு ஆள் வேண்டும் என்று அந்த நாட்டில் இருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்களாம். இரண்டு வருடம் நின்றுவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர்கள் அங்கேயே கிழவர் ஆகிவிட்டார்கள். அந்த இல்லத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். வயதாகி ஞாபகம் போகும்போது கடைசியில் படித்த பாஷைதான் முதலில் போகுமாம். ஐம்பது வருடம் ஜெர்மன் பேசினவர்களுக்கு ஒருநாள் காலையில் அது இல்லாமல் போகும். பிறகு தண்ணீர் வேண்டும் என்று சொல்லக்கூட ஊர்ப் பாஷை மட்டும்தான். ஜெர்மன் நர்ஸ்மாருக்கு அது தெரியாது. குஞ்ஞம்மா ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர், வலி, குளிர், அம்மா. நாள் முழுக்க அவர்களோடு இருப்பதால் அவள் நாக்கில் ஏறினது அந்தப் பாஷைதான். ஜெர்மன் புத்தகத்தைத் திறந்தால் உறக்கம் வருகிறது என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சர்ச்சுக்கும் போவாள். அந்த ஊர் சர்ச்சில் ஜெர்மன்காரர்களின் பூசை முடிந்து, அவர்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகுதான் குரோசியாக்காரர்களின் பூசை. இதைச் சொல்லும்போது குஞ்ஞம்மாவுக்கு ஒரே சிரிப்பு. நம்ம சர்ச்சிலும் அப்படித்தானே? மலையாளப் பூசை முடிந்து அவர்கள் செருப்புப் போடும்வரை நாம் வெளியே வேப்பமரத்தடியில் நிற்போம். பிறகுதான் தமிழ்ப் பூசை, அதே மெழுகுவர்த்தியின் மிச்சத்தில். "நம்மள மாதிரி ரெண்டாம் பூசக்காரங்களாக்கும் மக்கா" என்பாள். ஜெர்மன் பூசைக்கும் அவள் கொஞ்ச நாள் போய்ப் பார்த்தாள். அங்கே பூசை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்களாம், யாரும் நின்று யாரோடும் பேசுவது இல்லை. குரோசியாக்காரர்கள் விடவில்லை. முதல் வாரமே கையைப் பிடித்துத் தங்கள் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கிளப்பை எனக்கு வீடியோவில் காட்டியிருக்கிறாள். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு நீளமான ஹால். சுவரில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு கொடி, ஒரு மாதா படம், கால்பந்து அணியின் பழைய படம். கிழவர்கள் சீட்டு விளையாடுவார்கள், மேசையை ஓங்கிக் குத்துவார்கள். பெண்கள் வீட்டில் இருந்து பலகாரம் கொண்டுவந்து எல்லாரையும் தின்னச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பார்கள். ஒருத்தர் கம்பி வாத்தியம் ஒன்று வாசிப்பார், ஒரே பாட்டை. குஞ்ஞம்மா நடுவில் இருப்பாள், கறுத்து மெலிந்து, தலையில் கம்பளித் தொப்பியோடு. தீதாவுக்கு நான் சாப்பாடு கொடுக்கும் விஷயம் அந்த ஹால் முழுக்கத் தெரியும். தீதாவின் மகள் போனுக்குள் முகத்தை வைத்து "மாலா, மாலா" என்று விளிப்பாள். அவர்கள் பாஷையில் சின்னவள் என்று அர்த்தமாம். எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

தீதா தின்னும் முன்னால் செபம் சொல்லாமல் தொடமாட்டார். அதனால் குஞ்ஞம்மா எனக்குப் பரலோக மந்திரத்தை அவர்கள் பாஷையில் படிப்பித்தாள். ஓச்சே நாஷ் என்று தொடங்கும். எங்கள் தந்தையே என்று அர்த்தம். வேதபாட நோட்டின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தேன். நோட்டின் முன்பக்கம் நம்முடைய பரலோக மந்திரம், பின்பக்கம் தீதாவுடையது. "அன்றாட அப்பம்" வருகிற இடத்தில் அவர்களுக்கு "க்ரூ நாஷ்" என்று வரும். க்ரூ என்றால் ரொட்டி. அந்த இடம் வந்தவுடன் தீதா செபத்தை நிறுத்திவிட்டு வாயைத் திறந்துவிடுவார். மீதியை நான்தான் முடிப்பேன்.

மாதா பிறந்தநாளுக்கு நமக்குப் புது நன்மை என்று சாமியார் அறிவித்தார். குஞ்ஞம்மா லீவு சொல்லிவிட்டாள், வருகிறேன் என்றாள். "நான் வந்து உனக்கு முடி கெட்டித் தருவேன். வேற யாரயும் தொட விடண்டாம்" என்றாள். நான் சுவரில் கரிக்கட்டியால் நாள் எண்ணிக் கோடு போட்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

வேதபாட டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிச் செபம் கேட்டார். என் முறை வந்தது. கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் எனக்குத் தீதாவின் முகம்தான் வரும். வாய் தானாக ஓச்சே நாஷ் என்று தொடங்கிவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். டீச்சரும் சிரித்தார். நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. கடலில் வீடு போன பிள்ளை, வாடகை வீட்டுப் பிள்ளை என்று நின்றவள் அன்றைக்கு எல்லாரும் பார்க்க ஒரு பெரிய விஷயம் செய்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டு, இது ஜெர்மன், என் குஞ்ஞம்மா படிப்பித்தது என்றேன்.

வாசல் பக்கத்தில் ஒருவர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியும், ஜெர்மனியில் ஹோட்டல் அடுக்களையில் ஆறு வருடம் நின்றுவிட்டு வந்து டயர் கடை வைத்தவர். அவர் உள்ளே வந்தார்.

"ஜெர்மன்ல தண்ணிக்கு என்ன மக்கா?"

"வோதா."

"வோட்காவா? அது சாராயம் ஆக்கும். குஞ்ஞம்மா நல்ல சாதனம் படிப்பிக்குதா." எல்லாரும் மறுபடி சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, "இது ஜெர்மன் இல்ல டீச்சர். ஒரு வார்த்த கூட ஜெர்மன் இல்ல" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் நம்ம பக்கத்துப் பெண் ஒருத்தியை ஏஜென்ட் ஒரு நாடு சொல்லி வேறு நாட்டில் கொண்டுவிட்ட கதை எல்லார் வாயிலும் இருந்தது. அன்று சாயங்காலமே அவர் அப்பாவைத் தேடி வந்து, உங்கள் வீட்டுப் பெண் கொச்சு எங்கே இருக்கிறது என்று ஒழுங்காக விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மாவின் அண்ணன், என் மாமன், செவ்வாய்க்கிழமை வருகிறேன், பேசுவோம் என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நீங்கள் "வோட்கா" என்று விளித்தீர்கள், அது சலித்த பிறகுதான் "ஜெர்மனி" ஆனது. உங்களைக் குறை சொல்லவில்லை, பத்து வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. குஞ்ஞம்மா எனக்குப் பொய்ப் பாஷை படிப்பித்துவிட்டாள், அவளால்தான் எல்லாரும் சிரித்தார்கள் என்று கோபம். போன் மேல் தலையணையை வைத்து அதன் மேல் இருந்தேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. தலையணைக்குள் இருந்து அது துடிப்பது உடம்பில் தெரிந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

பிறகு எல்லாரிடமும், குஞ்ஞம்மாவிடம்கூட, அப்பா போனை வாங்கி வைத்துவிட்டார், அதனால்தான் பேசவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அப்பா வாங்கியது புதன்கிழமை. முதல் இரண்டு நாள் நான்தான்.

செவ்வாய் சாயங்காலம் மாமன் வந்தார். அப்பாவின் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் ஸ்டூலில் வைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால். அப்பா நேராகக் கேட்டார், நீ எந்த நாட்டில் இருக்கிறாய் என்று. குஞ்ஞம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஃபேக்டரிக்கு வந்தவர்கள், வயதானவர்கள், ஜெர்மன் மறந்து போனவர்கள். மாமனுக்கு அதுதான் பிடிபடவில்லை. ஐம்பது வருடம் பேசின பாஷை எப்படி மறக்கும், பொய் சொன்னாலும் பொருத்தமாகச் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். பரீட்சை என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். தோற்றுவிட்டேன் என்றாள். அதை எங்களுக்கு அவள் சொல்லியிருக்கவில்லை. ஜெர்மனியில் ஒன்றரை வருடம் இருப்பவள் ஜெர்மன் பரீட்சையில் எப்படித் தோற்பாள்? எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை.

அப்போதுதான் குஞ்ஞம்மா கேட்டாள், "அத்தான், பிள்ள பக்கத்துல உண்டா? ரெண்டு நாளா அந்த மனுசன் ஒண்ணும் தின்னல்ல."

"எந்த மனுசன்?" என்றார் அப்பா.

கதவைத் திறந்து நான் வெளியே வந்து, தீதா என்று சொல்லியிருந்தால் போதும். அவர் ஒரு கிழவர், நான்தான் ஊட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். போனை எடுக்காதது நான் என்று தெரிந்துவிடும் என்று பயந்து அங்கேயே நின்றேன். குஞ்ஞம்மா என்னவோ சொல்லத் தொடங்கினாள். அப்பா கேட்கவில்லை.

"பரீட்ச பாஸாவாம நீ இங்க வரண்டாம். யாருக்கெல்லாம் நான் பதில் சொல்லுவேன்? அங்கயே கெட."

மாமன் போனை அணைத்தார். அம்மா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். தேங்காய் எப்போதோ முடிந்து சிரட்டையைத் துருவும் சத்தம் கேட்டது.

புதன்கிழமை அப்பா போனை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வேதபாட நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து எடுத்தார். என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. தாளை அவர் கிழித்த விதம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, முன்பக்கத்து எழுத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மெதுவாக, நூல் நூலாக. அப்பா கெட்டவர் இல்லை. பயந்துபோன மனுஷன். கடல் வீட்டை எடுத்த பிறகு அவர் எதையும் நம்பவில்லை. குஞ்ஞம்மாவைப் பெண் கேட்டு வந்த ஆரியங்கோட்டுக்காரர்கள் அந்த வாரமே வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்றே முக்கால் மணி எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. வீட்டில் மணிக்கூடு இல்லை, ஆனாலும் தெரிந்துவிடும். ரயில்வே கேட்டை அடைக்கும் மணி அடித்து, ரயில் போய், கேட்டைத் திறக்கும் நேரம். அலமாரி முன்னால் போய் நிற்பேன். உள்ளே இருந்து சத்தம் வருகிறதா என்று காதை வைத்துப் பார்ப்பேன். சார்ஜ் இல்லாத போன் எப்படி அடிக்கும்? "யெதி தீதா" என்று அலமாரியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன்.

புது நன்மைக்கு நான்கு நாள் முன்னால் ஜெர்மனியில் இருந்து லீவில் வந்த ஒரு சிஸ்டர் ஒரு பொதி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு வெள்ளை உடுப்பு. கிளப்புப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தைத்தது என்று சிஸ்டர் சொன்னார். கீழ் விளிம்பிலும் கையிலும் சிவப்பு நூலில் சின்னச் சின்னப் பூ, ஒவ்வொரு பூவும் கொஞ்சம் வேறுமாதிரி, ஒவ்வொருத்தர் கை. புது நன்மைக்குச் சிவப்பு ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அது காரணம் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாடகைக்கு எடுத்த உடுப்பில்தான் நான் உங்களோடு நின்றேன். தோள் பக்கம் ஊசி குத்தியிருந்ததால் கையைத் தூக்க முடியவில்லை, போட்டோவில் பார்த்தால் தெரியும். முடி கட்டிவிட்டது பக்கத்து வீட்டு அக்கா. குஞ்ஞம்மா வரவில்லை. அந்தச் சிவப்புப் பூ உடுப்பை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள், யாருக்கு என்று இப்போது கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாள்.

சிஸ்டர்மார் தவணை நீட்டி வாங்கிக் கொடுக்க, குஞ்ஞம்மா ஜெர்மன் பரீட்சையை மூன்றாவது தடவை எழுதிப் பாஸானாள். வந்தாள். முதல் தடவை வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. சர்டிஃபிகேட்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லது" என்றார். சிஸ்டர்மார் சொல்லி எல்லாம் உண்மை என்று அதற்குள் வீட்டில் தெரிந்திருந்தது. ஆனால் யாரும் வாயைத் திறந்து, தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவளிடம் சொல்லவில்லை. நல்ல மீன் வாங்கினார்கள், நிறையச் சமைத்தார்கள். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்றால் அதுதான். அவளும் தின்றாள்.

திரும்பிப் போகும் அன்று ஏர்போர்ட்டுக்கு வண்டியில் நானும் போனேன். அமரவிளைப் பாலம் தாண்டும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தீதா போயிட்டாரு மக்கா."

எப்போது என்று கேட்டேன்.

"நீ புது நன்ம எடுத்த மாசம்."

என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாலராமபுரம் நெருக்கடியில் வண்டி ரொம்ப நேரம் நின்றது. சொல்வதற்கு நேரம் இருந்தது. இரண்டு நாள் போனை எடுக்காதது நான்தான் குஞ்ஞம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மூடிக்கொண்டேன். தொண்ணூறு வயதுக்காரர் என் போன் இல்லாததால் சாகவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் கடைசி நாட்களில் மூன்றே முக்காலுக்கு அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்றும் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு தடவைதான் வந்தாள். கல்யாணம் செய்யவில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்றாள், பிறகு நெஞ்சில் சளி என்றாள், ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு தடவை போன் செய்து என்னிடம் கடை விசேஷம் கேட்டாள். அவ்வளவுதான். நாற்பத்தாறு வயது.

உடம்பைக் கொண்டுவர அப்பா சிஸ்டர்மாரிடம் பேசினார். அவர்கள் ஒரு கடுதாசியைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். குஞ்ஞம்மா முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போட்டது. தன்னை அங்கேயே அடக்க வேண்டும் என்று இருந்தது. தீதாவின் குடும்பக் கல்லறையில் ஒரு இடம் உண்டு, அதை மகள் கொடுத்திருக்கிறாள் என்று இருந்தது. சிஸ்டர் போனில் தமிழில் வாசித்துச் சொன்னார். அப்பா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இருந்தார்.

"நான்தான் சொன்னேன். அங்கயே கெடன்னு நான்தான் சொன்னேன்" என்றார். பத்து வருடமாக அந்த வார்த்தை அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

அடக்கம் நடந்த அன்று, நாங்கள் மூன்று பேரும் சும்மா இருந்தோம். செய்ய ஒரு வேலையும் இல்லை. உடம்பு இல்லாத வீட்டில் என்ன செய்வது? மழை பெய்தது. அப்பாவின் போன் அடித்தது, தெரியாத நம்பர், வீடியோ. எடுத்தார். ஒரு கிழவி. அழுதுகொண்டே வேகமாக என்னவோ சொன்னாள். அப்பா மலையாளத்தில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார், தெரிந்த இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். பின்னால் ஒரு நீளமான ஹால். கட்டம் போட்ட கொடி. மேசைகளில் காப்பி, பலகாரம். அடக்கம் முடிந்து எல்லாரும் அங்கே வந்து இருக்கிறார்கள். நடுவில் குஞ்ஞம்மாவின் போட்டோ, முன்னால் ஒரு சிவப்பு விளக்கு.

அப்பா என்னைப் பார்த்தார். போனை நீட்டினார்.

"நீ பேசு மக்கா. உனக்கு அறியும்."

எனக்கு என்ன தெரியும்? தின்னு, தாத்தா, தண்ணீர். அவ்வளவுதான். போனை வாங்கினேன். அந்தக் கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தீதாவின் மகள். அவளே இப்போது கிழவி ஆகிவிட்டாள்.

"மாலா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். பேச ஒன்றும் இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டு, ஓச்சே நாஷ் என்று தொடங்கினேன். நோட்டு கிழிந்து பத்து வருடம். நாக்கில் அப்படியே இருந்தது. இரண்டாவது வரியில் அந்தக் கிழவி சேர்ந்துகொண்டாள். பிறகு நாற்காலி நகரும் சத்தம், ஒவ்வொருவராக எழுந்து நிற்கும் சத்தம். ஹால் முழுக்கச் சொன்னது. அத்தனை பேர் சத்தம் எங்கள் சின்ன வீட்டில் நிறைந்தது. ரொட்டி வருகிற இடம் வந்ததும் என்னால் முடியவில்லை. க்ரூ நாஷ் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் அம்மா, "எங்கள் அன்றாட அப்பத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று தமிழில் எடுத்துக்கொண்டாள். அப்பாவும் சேர்ந்தார். அவர்கள் அந்தப் பாஷையில் முடிக்க, நாங்கள் எங்கள் பாஷையில் முடித்தோம். ஆமென் மட்டும் ஒன்றாக வந்தது.

பிறகு அந்தக் கிழவி ஒரு தட்டை எடுத்துப் போன் முன்னால் காட்டி, என்னைப் பார்த்து, "யெதி, மாலா" என்றாள். அன்று நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் தின்றிருக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அவள் பார்க்கப் பார்க்க, அம்மா பழைய சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு வாய் எடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள், இன்னும் என்று.

குஞ்ஞம்மா, இரண்டு நாள் போனை எடுக்காதது நான்தான். உன்னிடம் சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன். உன் கல்லறையை நான் பார்த்தது இல்லை. பார்ப்பேனா என்றும் தெரியாது.

அதனால் என்னோடு புது நன்மை எடுத்தவர்களே, எங்கே இருந்தாலும் சரி, அடுத்த பூசையில் மெட்டில்டா என்ற பெயரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சிரித்தவர்களிடம்தான் கேட்கிறேன், நம்ம ஊரில் அந்த மந்திரத்தை முதலில் கேட்டவர்கள் நீங்கள்தானே. தமிழில் சொல்லுங்கள், மலையாளத்தில் சொல்லுங்கள், எந்தப் பாஷை வருமோ அதில் சொல்லுங்கள், போய்ச் சேரும். தீதாவுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பம் வருகிற இடத்தில் மட்டும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், அவர் வாயைத் திறக்கட்டும்.